எடைமேடை

அண்ணன் ஜெயசீலன் எந்தத் தாதா படத்தையும்
முடிவுவரை பார்த்தவன் இல்லை.
கூடலூர்க் கொட்டகையில்
கடைசிச் சண்டைக்குத் திரையில் மழை பிடிக்கும்போதே
எழுந்துவிடுவான்.
கூட்டம் வெளியே வருமுன்
ஜீப்பைத் திருப்பி வைக்கணும்,
பந்தலூர் ரோட்டில் யானை நிற்கும் என்பான்.

அப்போது எனக்குப் பதினாலு வயசு.
மிச்சப் படத்தைத் தனியே பார்த்துவிட்டு வந்து
முன்சீட்டில் ஏறுவேன்.
தேவாலா தாண்டும்போது கேட்பான்:
'தப்பிச்சுட்டானா?'
தப்பிச்சுட்டான் என்பேன்.
சொந்தத் தம்பி சுட்டதை,
படிக்கட்டில் உருண்டதை,
பிணத்தின் முகத்தை அம்மாக்காரி பார்க்க மறுத்ததை
ஒருநாளும் சொன்னதில்லை.
கப்பலேறிப் போயிட்டான்,
பேரை மாத்திக்கிட்டான்,
கோர்ட்டுல சாட்சி வரல.
படத்துக்கு ஒரு முடிவு நானே செய்து கொடுத்தேன்.
ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரிப்பான்.

மண்டபம் முகாமில் இறங்கியபோது அப்பாவிடம் இருந்தது
ஒரு தகரப்பெட்டி, பூட்டில்லாமல்.
அவர் லைன்வீட்டிலேயே இருமிச் செத்தார்.
அதற்குப் பிறகு
என் பாலிடெக்னிக் ஃபீஸ்,
அம்மாவின் கர்ப்பப்பை ஆபரேஷன்,
ரோட்டோரம் நாலு சென்ட்
எல்லாமே ஈட்டி மரம்.
பச்சைத்தேயிலைச் சாக்குக்கு அடியில்
படுத்தபடி கேரளா போன மரம்.
நாங்கள் கேட்டதில்லை.
படங்களில் கவனித்திருக்கிறேன்,
'குடும்பந்தான் முக்கியம்' என்று சொல்கிறவன் முன்னால்
எப்போதும் ஒரு தட்டுச் சோறு இருக்கும்.
சுற்றி இருப்பவர்கள் வாயிலும்.

ஆடி மாசம். ராத்திரி பதினொன்று நாற்பது.
ஃபேக்டரி எடைமேடையில் நான்தான் குமாஸ்தா.
அண்ணன் லாரி மேடையேறி நின்றது.
பம்பரில் விரலகலத்துக்கு ஒரு காக்கிக் கிழிசல்.
'ஒன்பது பத்துன்னு போடு.'
மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை.
கடையில் சீனி கேட்பதுபோலக் கேட்டான்.
பின்னணி இசை என்று பார்த்தால்
தகரத்தில் மழை மட்டும்.
குளிரில் பேனா எழுத மறுத்தது.
ஊதினேன்,
உள்ளங்கையில் கிறுக்கிக் கிறுக்கி மை வரவழைத்து
ஒன்பது பத்து என்று எழுதினேன்.

விடிந்ததும்
மூன்றாவது வளைவில் கிடந்தான் வாட்சர் வெளுத்தன்.
டார்ச் அப்போதும் எரிந்துகொண்டிருந்ததாம்.
இன்ஸ்பெக்டர் ரெஜிஸ்டரைப் புரட்டினார்.
பத்தரைக்குச் செக்போஸ்ட்டில் டீ குடித்த ஆள்.
ஒன்பது பத்துக்கே வண்டி இங்கே.
'அப்ப யானைதான்' என்று
என் கையெழுத்தின் மேல் டம்ளரை வைத்தார்.
வட்டம் இன்னும் இருக்கிறது.

வெளுத்தன் பெண்சாதி கெம்பி
அரை ஏக்கர் இலையைக் கிள்ளிக்கொண்டு தினமும் வருவாள்.
பதினெட்டு நின்றால் பத்தொன்பது எழுதுவேன்.
இருபத்திரண்டு என்றால் இருபத்துமூன்று.
இப்படி ஏழு மாசம்.
இதுவும் படத்தில் வருகிறதுதான்.
முதல் பாதியில் ஆளை முடித்தவன்
இடைவேளைக்குப் பிறகு
பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பான்,
கிழவிக்கு மருந்து வாங்கித் தருவான்.
கொட்டகையே கை தட்டும்.
நானும் தட்டியிருக்கிறேன்.

நேற்று சாக்கை இறக்கியவள் நகரவில்லை.
துண்டுச்சீட்டை முள்ளுக்கு நேரே பிடித்து
மாற்றி மாற்றிப் பார்த்தாள்.
'முள்ளு பதினெட்டுல நிக்குதக்கா.
நிக்கிறத எழுது.'
வரிசையில் யாரோ தும்மினார்கள்.
சீட்டை என் பக்கம் தள்ளிவிட்டுக்
காத்திருந்தாள்,
கோபமாக இருந்த மாதிரிகூடத் தெரியவில்லை.
அடித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதினேன்.
வாங்கி மடியில் செருகிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தான்.
வெள்ளிக்கிழமை புதுப்படமாம், வரியா என்றான்.
'கடைசிவரைக்கும் உக்காந்து பாக்குறதா இருந்தா
வர்றேன்.'
என்னையே கொஞ்சநேரம் பார்த்தான்.
சாவியை விரலில் சுற்றினான்.
'அப்ப ஜீப்பை
யாரு திருப்புறது?'